விபாசனா முகாம்: போகுமுன் ஆறு வாரம், வந்தபின் அன்றாடம்

பத்து நாள் விபாசனா தியான முகாமுக்கு முதல்முறை போகிறவர்கள் அதிகம் பயப்படுவது பேசாமல் இருக்க வேண்டுமே என்றுதான். மௌனம் இரண்டு நாளில் பழகிவிடும். ஆளைப் படுத்துவது வேறு: முழங்கால், முதுகு, காபி இல்லாத தலைவலி, விடிகாலை நாலு மணிக்கு அடிக்கும் மணி. நான்கையும் வீட்டிலேயே சரிசெய்துகொண்டு போகலாம். ஆறு வாரம் போதும்.

இங்கே சொல்வது எஸ். என். கோயங்கா மரபில் நடக்கும் முகாம்களைப் பற்றி. பர்மாவின் மண்டலேயில் 1924 இல் பிறந்த கோயங்கா, ரங்கூனில் சயாஜி ஊ பா கின்னிடம் கற்று, 1969 இல் இந்தியா வந்து முகாம்கள் நடத்தத் தொடங்கினார். 1976 இல் நாசிக் பக்கம் இகத்புரியில் தலைமை மையம் வந்தது. இன்று சென்னையை ஒட்டித் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது, திண்டுக்கல் மாவட்டத்தில் தம்ம மதுரா, இலங்கையில் பேராதனைக்கு அருகே தம்ம கூட்டா என்று நமக்கு எட்டும் தூரத்திலேயே மையங்கள் உண்டு. தங்க, சாப்பிட, கற்றுக்கொள்ளக் கட்டணம் கிடையாது. முகாமை முழுதாக முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள், அதுவும் விருப்பம் இருந்தால்தான். இணையத்தில் விண்ணப்பம் போடவேண்டும். கோடை விடுமுறை, ஆண்டுக் கடைசி முகாம்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். திறந்த அன்றே போட்டுவிடுங்கள்.

அன்றாட அட்டவணை எல்லா மையத்திலும் ஒன்றுதான். 4 மணிக்கு மணி, 4.30 முதல் 6.30 வரை தியானம், பிறகு காலைச் சாப்பாடு. 8 முதல் 11 வரை, 1 முதல் 5 வரை, 6 முதல் 7 வரை மறுபடி தியானம். ராத்திரி 7 மணிக்கு உரை, அதன்பின் இன்னொரு முக்கால் மணி நேரம். 9.30க்கு விளக்கு அணையும். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்குப் பத்தே முக்கால் மணி நேரம் தரையில். அலுவலக நாற்காலியும் சாப்பாட்டு மேசையும் பழகிய இடுப்புக்கு அது சாதாரண வேலை இல்லை.

உட்காரும் உயரம்

முதலில் வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழங்கால்களைப் பாருங்கள். அவை இடுப்பெலும்பைவிட மேலே தூக்கி நின்றால், எவ்வளவு முயன்றாலும் கால் மணி நேரத்தில் முதுகு கூன் போடும். இடுப்பு பின்பக்கமாகச் சாய்வதால் கீழ்முதுகுத் தசை முழுப் பாரத்தையும் இழுத்துப் பிடிக்கவேண்டியிருக்கும். இதற்கு மருந்து மனவுறுதி அல்ல, உயரம்.

பருத்திப் போர்வைகளை இறுக்கமாக மடித்து 8 சென்டிமீட்டர் உயரத்தில் ஆரம்பியுங்கள். முழங்கால் தரையைத் தொடும்வரை, அல்லது குறைந்தது இடுப்புக்குக் கீழே இறங்கும்வரை, இரண்டிரண்டு சென்டிமீட்டராக ஏற்றுங்கள். நாற்காலியிலேயே வேலை பார்க்கிறவர்களில் பலருக்கு 12 முதல் 15 வரை தேவைப்படும். இலவம்பஞ்சுத் தலையணை முதல் ஐந்து நிமிஷம் சுகமாக இருந்து, இருபதாவது நிமிஷத்தில் அமுங்கிப் பாதியாகிவிடும். மெத்தென்ற ஸ்பாஞ்சும் அப்படியே. எது வாங்கினாலும் அரை மணி உட்கார்ந்து பார்த்துவிட்டு அளவெடுங்கள்.

அதன்மேல் எப்படி உட்காருகிறோம் என்பதும் கணக்கு. பிருஷ்டத்தின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளும் திண்டின் முன்பக்க மூன்றில் ஒரு பங்கில் இருக்கவேண்டும். முழுத் திண்டையும் நிரப்பி உட்கார்ந்தால் அதன் விளிம்பு தொடைக்கு நடுவே அழுத்தும். கால் மரத்துப்போவதற்கு முதல் காரணம் அதுதான். இரண்டாவது காரணம், முழங்காலின் வெளிப்பக்கத்துக்குச் சற்றுக் கீழே எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு. ஒரு காலைத் தூக்கி இன்னொன்றின்மேல் போடும்போது அந்த நரம்பு நசுங்குகிறது. ஆகவே கால்மேல் கால் வேண்டாம். இடது குதிகாலை உள்ளே இழுத்து வைத்து, வலது காலை அதற்கு முன்னால் தரையிலேயே கிடத்துங்கள். இரண்டு கீழ்க்கால்களும் தரையில் படிந்திருக்கும், ஒன்றின் பாரம் மற்றொன்றுக்கு இல்லை. எந்தக் கால் முன்னால் என்பதைத் தினம் மாற்றுங்கள். கணுக்கால் எலும்பு தரையில் குத்தினால் அடியில் ஒரு துண்டு.

முதுகு சரியாக இருந்தும் தோள்பட்டைகளுக்கு நடுவே எரிகிறதென்றால், கைகளைக் கவனியுங்கள். உயரமான திண்டில் உட்காரும்போது கைகள் கீழே தொங்கி, அவற்றின் பாரம் தோளை இழுக்கும். மடியில் ஒரு துண்டை மடித்துவைத்து அதன்மேல் கைகளை வைத்தால் இரண்டே நாளில் அந்த எரிச்சல் குறையும். சின்ன விஷயம்தான், ஆனால் முகாம் கூடத்தில் பாதிப்பேர் இதைத் தெரியாமல் வலிக்கிறது என்று நெளிந்துகொண்டிருப்பார்கள்.

பத்மாசனம் தேவையே இல்லை. இடுப்பு மூட்டு போதுமான அளவு திரும்பாதவர் பாதத்தை எதிர்த்தொடையில் ஏற்றினால், குறையும் திருகலை முழங்கால் வாங்கிக்கொள்ளும். முழங்கால் மடங்கி நீளும் மூட்டு, திருகும் மூட்டல்ல. உள்ளே இருக்கும் குருத்தெலும்பு கிழிவதற்கு இது நேர்வழி.

சம்மணமே வராதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, வஜ்ராசனம் போல மண்டியிட்டு, இரண்டு கால்களுக்கு நடுவே நிமிர்த்தி வைத்த திண்டில் உட்காருவது. குதிகாலில் பாரம் ஏறக்கூடாது. இன்னொன்று நாற்காலி. மையங்களில் கேட்டால் கொடுப்பார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதம் முழுதாகத் தரையில் படியவேண்டும், எட்டாவிட்டால் கீழே பலகை. முதுகைச் சாய்க்காமல் உட்காரவேண்டும். மூட்டு மாற்று அறுவை செய்தவர்களும் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களும் ஆரம்பத்திலேயே நாற்காலியில் பழகுங்கள். மூன்றாம் நாள் வீக்கத்தோடு போய்க் கேட்பதைவிட அது மேல்.

எந்த வலியைப் பொறுப்பது, எதைப் பொறுக்கக்கூடாது? எழுந்து நடந்த ஐந்து நிமிஷத்தில் போய்விடும் வலி, மரமரப்பு, தொடை இறுக்கம், முதுகு அலுப்பு: இவற்றோடு உட்காரலாம். முழங்காலின் உள்ளே ஊசி குத்துவதுபோல் வருவது, மூட்டு சிக்கிக்கொள்வது, மறுநாளும் நிற்கும் வலி, இடுப்பிலிருந்து பாதம்வரை மின்சாரம் பாய்வதுபோல் இறங்குவது: இவற்றோடு உட்காரக்கூடாது. நிலையை மாற்றுங்கள், குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

ஆறு வாரக் கணக்கு

முதல் வாரம் காலை மாலை 15 நிமிஷம். இரண்டாவது வாரம் 20, மூன்றாவது 30, நான்காவது 40. ஐந்தாவது வாரம் காலையில் 45, மாலையில் 30. ஆறாவது வாரம் காலையில் ஒரு மணி, மாலையில் முக்கால் மணி. கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் மூன்று தடவை ஒவ்வொரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், இடையில் அரை மணி நடந்துகொண்டு. உயரம் தப்பு, திண்டு தப்பு என்பதெல்லாம் அன்றைக்கு வெளிப்பட்டுவிடும்.

உட்கார்ந்து செய்யவேண்டியது ஆனாபானம்தான். முகாமின் முதல் மூன்றரை நாளும் அதுவே. மூக்குத் துவாரத்தின் விளிம்பு, அதற்குக் கீழே மேலுதட்டுக்கு மேல் உள்ள சின்ன இடம். மூச்சு அங்கே வருவதையும் போவதையும் கவனிப்பது. இழுக்கவோ நிறுத்தவோ எண்ணவோ கூடாது, மந்திரத்தைச் சேர்க்கக்கூடாது, உருவத்தை நினைக்கக்கூடாது. மூச்சு தென்படாவிட்டால் நாலைந்து தடவை கொஞ்சம் அழுத்தி விட்டுப் பிடித்துக்கொண்டு, மறுபடி இயல்புக்கு வந்துவிடுங்கள். மனம் கடைவீதிக்குப் போனது தெரிந்தால் திரும்புங்கள். எத்தனை தடவை போனது என்ற கணக்கு வேண்டாம். நான்காம் நாள் தொடங்கும் விபாசனா முறையை, அதாவது உடம்பில் தோன்றும் உணர்வுகளைக் கவனிப்பதை, முகாமில் கேட்டே கற்றுக்கொள்ளுங்கள். வீடியோவில் அரைகுறையாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு முதல் மூன்று நாளும் பொறுமை இருப்பதில்லை.

இடுப்புக்கும் முதுகுக்கும் ஆசனம்

முகாமுக்குள் யோகாசனமும் மற்ற உடற்பயிற்சியும் கிடையாது. ஒதுங்கிச் செய்ய இடவசதி இல்லாததால் நிறுத்திவைக்கச் சொல்வார்கள்; இடைவேளையில் நடக்கலாம், அவ்வளவுதான். ஆகவே ஆசனத்தின் பலனை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு போகவேண்டும். காலையில் உட்காருவதற்கு முன் 25 நிமிஷம் போதும்.

தொடக்கம் மார்ஜரி ஆசனம்: நான்கு காலில் நின்று, மூச்சு உள்ளே வரும்போது நெஞ்சைத் திறந்தும் வெளியே போகும்போது முதுகை வளைத்தும் எட்டுத் தடவை. பிறகு மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக மார்போடு அணைத்து ஆறு மூச்சு. அப்படியே வலது கணுக்காலை இடது தொடைமேல் வைத்து, இடது தொடையைக் கைகளால் அணைத்துப் பத்து மூச்சு, மறுபக்கமும் அதேபோல். சம்மணத்துக்கு இதைவிட உதவும் ஆசனம் இல்லை. முழங்காலுக்குப் பாரம் ஏறாமல் இடுப்பு மூட்டை மட்டும் திருப்புகிறது. அடுத்து சேது பந்தாசனம் (மல்லாந்தபடியே முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது) ஆறு தடவை ஏறி இறங்கி, ஏழாவதில் ஐந்து மூச்சு நிறுத்தம்.

குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனம் ஆறு தடவை. கையால் தள்ளி ஏறாதீர்கள். உள்ளங்கை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், முதுகுத் தசைதான் தூக்கவேண்டும். கையூன்றி உயரமாக எழுந்தால் படம் நன்றாக இருக்கும், முதுகுக்கு வேலை இருக்காது. பிறகு சலபாசனம், குப்புறப் படுத்தபடியே ஒவ்வொரு காலாகத் தூக்கி நான்கு தடவை. இவை இரண்டும்தான் மணிக்கணக்கில் நிமிர்ந்திருக்கத் தேவையான பலத்தைத் தருகின்றன. இவற்றை முடித்ததும் மண்டியிட்டு முன்னால் குனிந்து பாலாசனத்தில் எட்டு மூச்சு. பின்வளைவுக்குப் பிறகு மென்மையான எதிராசனம், ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மூச்சு என்ற இந்த ஒழுங்கு, சென்னையில் நெடுங்காலம் கற்றுக்கொடுத்த டி. கிருஷ்ணமாச்சாரியாரின் வழிவந்தவர்கள் விடாமல் பின்பற்றுவது. தனியாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு அடிபடாமல் காப்பதும் இதுதான்.

கடைசியாகத் திண்டின்மேல் உட்கார்ந்து பத்த கோணாசனம் (உள்ளங்கால்களைச் சேர்த்து முழங்கால்களை இருபக்கமும் விரிப்பது), மூன்று நிமிஷம். முழங்காலைப் பட்டாம்பூச்சி மாதிரி அடிக்காதீர்கள், அதன் பாரத்திலேயே இறங்கட்டும். குதிகாலுக்கடியில் மடித்த பாய் வைத்து மலாசனம், அதாவது குந்தி உட்காருவது, ஒரு நிமிஷம் சேர்க்கலாம். இன்னும் இந்திய முறைக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சவாசனம் நான்கு நிமிஷம். வட்டு பிதுங்கியவர்களும் கால்வரை இறங்கும் நரம்புவலி உள்ளவர்களும் இந்த வரிசையை மருத்துவரிடமோ பயிற்சியாளரிடமோ காட்டிவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

பிராணாயாமம் செய்கிற பழக்கம் இருந்தால், ஆசனத்துக்கும் தியானத்துக்கும் நடுவே ஐந்து நிமிஷம் நாடி சுத்தி (மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மூச்சுவிடுவது) போதும்: நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, நிறுத்தம் இல்லை. உள்ளிழுக்கப் பதினாறு, அடக்க அறுபத்துநான்கு, வெளிவிட முப்பத்திரண்டு என்று திருமூலர் சொல்லும் மாத்திரைக் கணக்கைக் கேட்டுவிட்டு முதல் வாரமே மூச்சை அடக்கப் பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது தலைச்சுற்றலும் படபடப்பும்தான். முகாமுக்குள் பிராணாயாமத்தை முற்றிலும் விட்டுவிடுங்கள். அங்கே மூச்சை அதன்போக்கில் பார்க்கிறோம். கட்டுப்படுத்திய பழக்கம் கூடவே வந்தால் முதல் நாளே இரண்டும் மோதும்.

காபி, தூக்கம், சாப்பாடு

ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் டிகிரி காபி குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும், இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரம்கூட நீடிக்கலாம். முகாமின் இரண்டாம் நாளை இதற்குக் கொடுக்கவேண்டியதில்லை. மையத்தில் காபி கிடைக்குமா, எத்தனை வேளை, எவ்வளவு கெட்டி என்பது இடத்துக்கு இடம் மாறும், நம்பிப் போகாதீர்கள். பத்து நாளுக்கு முன்பே சாயங்காலக் காபியை எடுத்துவிடுங்கள். மூன்று நாள் கழித்துப் பதினோரு மணிக் காபி. கடைசியாகக் காலைக் காபியில் டிகாக்ஷனைப் பாதியாக்குங்கள். புகையிலை, மது இரண்டுக்கும் அங்கே முழுத்தடை. தினமும் குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் தாமாகத் திடீரென நிறுத்திவிட்டுப் போகக்கூடாது; வலிப்பு வரை போகும் ஆபத்து உண்டு, மருத்துவர் மேற்பார்வையில் முன்னதாகவே நிறுத்தியிருக்கவேண்டும்.

தூக்கத்தைக் கடைசி மூன்று வாரத்தில் நகர்த்துங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை இருபது நிமிஷம் முன்னதாக எழுந்து, அதே அளவு முன்னதாகப் படுத்தால் ஏழு மணிக்காரர்கூட நாலரைக்கு வந்துவிடலாம். எழுவதை மட்டும் முன்னால் இழுத்துவிட்டுப் படுப்பதைப் பழைய நேரத்திலேயே வைத்திருந்தால் நான்காம் நாள் கவிழ்ந்துவிடும்.

ராத்திரிச் சாப்பாடு கிடையாது. 5 மணிக்குப் புதியவர்களுக்குப் பழம், பொரி மாதிரி ஏதாவதும் ஒரு டீயும். ஆரோக்கியமானவருக்குப் பசி இரண்டு நாளில் அடங்கிவிடும். இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென இறக்கும் மாத்திரையோ எடுக்கிறவர்களுக்கு இது விளையாட்டல்ல. மாலை, இரவு மருந்தளவை மருத்துவரிடம் மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு, விண்ணப்பத்திலும் தெரிவியுங்கள். எந்த மருந்தையும் முகாமுக்காக நீங்களாக நிறுத்தக்கூடாது.

இப்போதைக்குப் போகக்கூடாதவர்கள்

இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு, கடுமையான மனச்சோர்வு, அடிக்கடி வரும் பீதித் தாக்குதல்: இவை இருந்தால், அல்லது இருந்திருந்தால், மனநல மருத்துவரிடம் பேசாமல் விண்ணப்பிக்க வேண்டாம். படிவத்தில் அதற்கென்றே கேள்வி உண்டு, மறைக்காதீர்கள். நெருங்கியவரின் சாவு, மணமுறிவு நடந்து சில வாரமே ஆகியிருந்தால் தள்ளிப்போடுங்கள். பேச்சும் துணையும் தேவைப்படும் காலத்தில் பத்து நாள் மௌனம் ஆறுதல் தராது. மனக்கஷ்டத்துக்கு நல்லது என்று வீட்டார் பிடித்துத் தள்ளி அனுப்புவது நம் ஊர்களில் சகஜம், அது தவறு.

உள்ளே போன பிறகும், தொடர்ந்து இரண்டு ராத்திரி கொஞ்சம்கூடத் தூங்காமல் இருப்பது, தன் உடம்பே தன்னுடையது அல்ல என்ற உணர்வு விலகாமல் நிற்பது, குரல்கள் கேட்பது, அடக்கமுடியாத பயம்: இவற்றில் எது வந்தாலும் அதே நேரத்தில் ஆசிரியரிடம் சொல்லுங்கள், பயிற்சியை நிறுத்துங்கள். பாதியில் வந்தால் அவமானம் என்று இதில் பார்க்கக்கூடாது.

பையும் பத்து நாளும்

தொளதொளப்பான பருத்தி உடை ஐந்து செட், இடுப்பில் நாடாவோ தளர்ந்த எலாஸ்டிக்கோ போதும். ஜீன்ஸும் இறுக்கமான லெக்கின்ஸும் முழங்கால் பின்னால் மடிந்து ரத்த ஓட்டத்தை அழுத்தும். மெல்லிய சால்வை ஒன்று. பகலில் வெயில் கொளுத்தினாலும் விடிகாலைக் கூடத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே இடம் விழலாம். எளிதில் கழற்றும் செருப்பு, டார்ச், கொசுவிரட்டி, படுக்கை விரிப்பு, தண்ணீர் பாட்டில், போகும் நாளும் திரும்பும் நாளும் சேர்த்துப் பன்னிரண்டு நாளைக்கான மருந்து. உங்கள் உயரத்துக்குப் பழகிய திண்டு இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கொடுப்பது உங்களுக்கு ஒத்துவராமல் போகலாம். புத்தகம், பேனா, நோட்டு வேண்டாம். போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஜபமாலை, ஊதுபத்தி, மந்திரம், விரதம் ஆகியவற்றையும் அந்த நாட்களுக்கு நிறுத்திவைக்கச் சொல்வார்கள். கோயிலுக்குப் போகாமல் இருக்கமுடியாது என்பவர்கள் இதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டாருக்கு மையத்தின் அலுவலக எண்ணைக் கொடுத்துவிட்டு, அவசரம் என்றால் மட்டும் அதில் கூப்பிடச் சொல்லுங்கள். ஈபி பில், வாடகை, பள்ளிக் கட்டணம், மாத்திரை வாங்கவேண்டிய அம்மா: எல்லாம் முடித்துவிட்டுப் போங்கள். மூன்றாம் நாள் மனத்துக்கு வேறு வேலை இல்லாதபோது கட்டாத பில்தான் வந்து நிற்கும்.

11 மணிச் சாப்பாட்டில் முக்கால் வயிறு போதும். அடுத்த வேளை கிடையாதே என்று அடுக்கினால் ஒரு மணித் தியானம் முழுக்கத் தூக்கம்தான். மணிக்கணக்கில் உட்காருவதால் மலச்சிக்கல் வரும். காலையிலேயே நிறையத் தண்ணீர், கிடைக்கும் பழத்தை விடாமல் சாப்பிடுவது, ஒவ்வொரு இடைவேளையிலும் பத்து நிமிஷ நடை. மதியம் 12 முதல் 1 வரை ஆசிரியரைத் தனியாகப் பார்க்கலாம். முந்தின நாளே பெயர் கொடுக்கவேண்டியிருக்கும். மௌனம் சக மாணவர்களோடுதான், சைகையும் கண்ஜாடையும் உட்பட. அறை, சாப்பாடு, உடம்பு பற்றி நிர்வாகியிடமும் பயிற்சி பற்றி ஆசிரியரிடமும் பேசத் தடையில்லை. இது தெரியாமல் பேதியை இரண்டு நாள் மூடிவைத்திருப்பவர்கள் உண்டு.

விபாசனா தொடங்கியபின் தினம் மூன்று கூட்டுத் தியானங்களில் ஒரு மணி நேரம் கை, கால், கண் எதையும் அசைக்காமல் இருக்கச் சொல்வார்கள். அதற்கு அதிட்டானம் என்று பெயர். மணி அடித்த பிறகு கூடத்துக்கு ஓடாதீர்கள். பத்து நிமிஷம் முன்னால் கழிப்பறை, இரண்டு சுற்று நடை, பிறகு நிதானமாகத் திண்டைச் சரிசெய்து உட்காருங்கள். ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை கால் மாற்றினால் குற்றமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வலியோடு மல்லுக்கு நிற்பவருக்குத் தாடையும் தோளும் இறுகி வலி இரட்டிப்பாகும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தாடை, நாக்கு, கண்ணிமை இவை தளர்ந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழி

பத்தாம் நாள் காலையில் மௌனம் முடியும். பதினோராம் நாள் காலை ஏழரை வாக்கில் முகாம் முடிந்து, அறையைச் சுத்தம் செய்துவிட்டுக் கிளம்பலாம். ஆகவே அன்று காலை ஏழு மணி ரயிலுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள், பத்துக்குப் பிறகு எடுங்கள். அன்று சாயங்காலம் கல்யாண வரவேற்பும் வேண்டாம். சத்தமும் வெளிச்சமும் சில மணி நேரம் உறைக்கும். நீண்ட தூரம் இரு சக்கர வண்டி ஓட்டுவதையும் தவிர்க்கலாம்.

ரயிலில் உட்காருவது பழகிக்கொள்ளவேண்டிய வித்தை. நடுப்படுக்கை இரவு 10 முதல் காலை 6 வரை விரிந்திருக்கும். அந்த நேரத்தில் கீழ்ப்படுக்கையிலும் நிமிர்ந்து உட்காரத் தலை இடிக்கும். மேல்படுக்கையில் எப்போதுமே முடியாது. ஆகவே ராத்திரி ரயில் என்றால் மாலைத் தியானத்தைப் பத்துக்கு முன்பும் காலைத் தியானத்தை ஆறுக்குப் பிறகும் வையுங்கள். முடிந்தால் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை எடுங்கள். கால் மடக்க இடமுண்டு, நடைபாதை மட்டும் இடைஞ்சல். போர்வையை மடித்துப் பிருஷ்டத்துக்கடியில் வையுங்கள், இருக்கை பின்பக்கம் சரிந்திருப்பதால் முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காருங்கள். பையைச் சங்கிலியால் பூட்டி, போனைச் சட்டையின் உள்பையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடுங்கள். இறங்கவேண்டிய ஊர் பக்கத்தில் என்றால் அதிர்வு அலாரம். கூட்டமான பொதுப்பெட்டியில் தியானம் வேண்டாம். டீக்காரர் குரலை எதிர்த்துப் போராடுவதும் வீண். முழு மணிக்குப் பதில் இருபது இருபது நிமிஷமாக மூன்று தடவை உட்காருவது ரயிலுக்கு ஒத்துவரும்.

பேருந்திலும் விமானத்திலும் கண்ணை மூடி மூச்சைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் மணிக்கு ஒருமுறை கணுக்காலைப் பத்துப் பத்து தடவை மேலும் கீழும் ஆட்டுங்கள். நீண்ட விமானப் பயணத்தில் காலில் ரத்தம் உறைவதைத் தவிர்க்க எழுந்து நடப்பதும் அவசியம். விடுதி அறையில் கட்டில் மெத்தைமேல் உட்காராதீர்கள், ஒரு பக்கம் அமுங்கி இடுப்பு சாயும். தரையில் போர்வையை விரித்து, தலையணை இரண்டை மடித்து உட்காருங்கள். வேறு நேர மண்டலத்துக்குப் போனால் கடிகாரத்தைப் பார்க்காமல், எழுந்து பல் தேய்த்தவுடன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மாலை வேளை

கோயங்கா மரபில் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது காலை ஒரு மணி, மாலை ஒரு மணி, படுக்கையில் தூங்குமுன் ஐந்து நிமிஷம். காலை வேளை எப்படியும் கொஞ்ச நாள் தாங்கும். முதலில் விழுவது மாலைதான், காரணமும் தெரிந்ததே: அலுவலகத்திலிருந்து வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டால், டிபன், பிள்ளைகள் வீட்டுப்பாடம், டிவி என்று ஒன்பதரை ஆகிவிடும், சாப்பிட்ட வயிற்றோடு உட்கார்ந்தால் தூக்கம். செருப்பைக் கழற்றி, கை கால் முகம் கழுவி, நேராகத் திண்டுக்குப் போங்கள். பசித்தால் ஒரு வாழைப்பழம், அதற்குமேல் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் இது அரை மணியா ஒரு மணியா என்று தெரிந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் நடுவில் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். வேலை முடியும் நேரம் தினம் மாறுகிறவர்கள், அலுவலகத்திலேயே மதியம் சாப்பாட்டுக்கு முன் முப்பது நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவது நல்லது.

இரண்டு மணி நேரம் முடியவே முடியாத கட்டம் வரும்: கைக்குழந்தை, இரவுப் பணி, ஆஸ்பத்திரியில் யாராவது. அப்போது காலை முப்பது, மாலை இருபது என்று குறையுங்கள். ஒரே நாளில் இரண்டு வேளையையும் விடாமல் பார்த்துக்கொண்டால் பழக்கம் அறுந்துபோவதில்லை. முகாமுக்கு முன் செய்த ஆசனங்களையும் இந்த நாட்களில்தான் முதலில் கைவிடுவோம். மார்ஜரி, கணுக்கால்-தொடை, சலபாசனம் மூன்றை மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள், எட்டு நிமிஷ வேலை. தூக்கம் அமுக்கினால் கண்ணைத் திறந்து நாலு மூச்சு அழுத்தி விடுங்கள், போகாவிட்டால் எழுந்து முகம் கழுவுங்கள், அப்படியும் போகாவிட்டால் அது உண்மையான தூக்கக்குறை, போய்ப் படுங்கள்.

சில வாரம் அறவே விட்டுப்போயிருந்தால், முழு மணி நேரத்தில் மறுபடி ஆரம்பிக்காதீர்கள். முதல் நான்கு நாள் இருபது நிமிஷம் ஆனாபானம் மட்டும், பிறகு ஆனாபானம் பாதி, விபாசனா பாதி. முகாம் முடித்தவர்களுக்காக ஒருநாள் முகாம்களையும் வாராந்தரக் கூட்டுத் தியானங்களையும் பல ஊர்களில் நடத்துகிறார்கள். தனியாக எழுந்து நிற்கமுடியாதபோது அங்கே போய் உட்காருவது சுலபம். இரண்டாவது பத்து நாள் முகாமுக்கு எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் இப்போதே பழகவேண்டும். பழைய மாணவர்களுக்கு மதியம் 12க்குப் பிறகு திட உணவே இல்லை, மாலை 5 மணிக்கு எலுமிச்சைச் சாறு மட்டும்தான். உடல்நிலைக் காரணம் இருந்தால் முன்பே சொல்லி விலக்கு வாங்கிக்கொள்ளலாம்.